அக்காவின் கடிதங்களும் நான் குறித்துவைத்த எண்களும்

என் அக்காவுக்குக் குரல் போய் ஆறு வருடங்கள் ஆகின்றன. தொண்டையில் வந்த கட்டிக்காகச் செய்த அறுவை சிகிச்சையில் குரல்வளையையே எடுத்துவிட்டார்கள். உயிர் தங்கியது. அன்றிலிருந்து அவள் என்னோடு பேசுவது மின்னஞ்சலில்.

வாட்ஸ்அப்பில் பேசிக்கொள்ளலாமே என்று பலரும் கேட்டிருக்கிறார்கள். அது நடக்காமல் போனதற்குக் காரணம் நான். அவள் பத்து வரி எழுதினால் நான் ஒரு கட்டைவிரல் படத்தை அனுப்பிவிட்டு வேலைக்குப் போய்விடுவேன். இரண்டு வாரம் பொறுத்துப் பார்த்தாள். பிறகு எழுதினாள்: "டேய், பேச்சு போனது எனக்கா உனக்கா? இனிமே மெயில்லயே எழுதறேன். அதுலதான் நீ முழு வாக்கியமா எழுதுவே. ஆபீஸ் பழக்கம்."

அவள் சொன்னது சரிதான். நான் சர்வேயர். நிலத்தை அளந்து, எல்லைக் கல் எங்கே நிற்க வேண்டும் என்று சொல்வது என் தொழில். இருபத்தேழு வருடங்களாக நாட்குறிப்பு எழுதுகிறேன். எழுந்த நேரம், போன ஊர், அளந்த புலம், சந்தித்த ஆள், மழை பெய்ததா இல்லையா, இவ்வளவுதான் அதில் இருக்கும். தஞ்சாவூர் வீட்டு அலமாரியில் அவை வருட வரிசையில் நிற்கின்றன. இதைப் பார்க்கும்போதெல்லாம் அக்கா முன்பு வாய்விட்டுச் சிரிப்பாள். இப்போது தோள் குலுங்கும், சத்தம் வராது.

அவளுடைய கடிதங்கள் கடிதம் போலவே இருக்காது. "அன்புள்ள" என்ற பேச்சே கிடையாது. "அப்புறம்" என்று தொடங்கும், ஏதோ பத்து நிமிடம் முன்புதான் பேச்சை நிறுத்தியதுபோல. தண்ணீர் வாய்க்காலில் வந்துவிட்டதா, பக்கத்து வயல்காரர் மடையை எப்படித் திறந்துவிட்டார், அத்தான் வேட்டியில் டீயைக் கொட்டிக்கொண்டது என்று ஓடும். முடிவில் "வச்சிடவா?" என்று ஒரு சொல். போனை வைப்பதற்கு முன் நம் ஊரில் எல்லோரும் கேட்பதுதான்.

இன்னொன்றையும் இங்கே சொல்லிவிட வேண்டும். தான் அனுப்பிய கடிதம் எதையும் அவள் வைத்துக்கொள்வதில்லை. அனுப்பிய மறு நிமிடம் தன் பக்கத்தில் அழித்துவிடுவாள். ஏன் என்று ஒருமுறை கேட்டேன். "பேசின பேச்சை யாராவது சேத்து வைப்பாங்களா?" என்று பதில் வந்தது. ஆகவே ஆறு வருடமாக அவள் பேசியது முழுவதும் உலகத்தில் ஒரே இடத்தில்தான் இருந்தது: என் அஞ்சல் பெட்டியில்.

அந்தப் பெட்டியை நான் திறக்கும் முறையும் அவள் ஏற்பாடு செய்து கொடுத்ததுதான். அக்கா ஒரு பல்கலைக்கழகத்தின் கணினி அறையில் பல வருடங்கள் வேலை பார்த்தவள். கறுப்புத் திரையில் எழுத்தை மட்டும் வைத்து வேலை செய்த காலத்து ஆள். என் மடிக்கணினி பழையது. மின்னஞ்சல் பக்கம் திறப்பதற்குள் நான் குளித்துவிட்டு வந்துவிடலாம். சிகிச்சைக்குப் பிந்தைய பரிசோதனைக்காகத் தஞ்சாவூர் வந்திருந்தபோது அதைப் பார்த்துவிட்டு, ஒரு மதியம் முழுக்க உட்கார்ந்து, கறுப்புத் திரையிலேயே அஞ்சலைப் படிக்கும் ஒரு சின்ன நிரலை அதில் போட்டுக்கொடுத்தாள். படமில்லை, பொத்தானில்லை, சுட்டியும் தேவையில்லை. திறந்தால் பட்டியல் வரும். ஒவ்வொரு அஞ்சலுக்கும் முன்னால் ஒரு எண். எண்ணை அடித்தால் அந்த அஞ்சல் விரியும். 'டி' எழுத்தை அடித்து எண்ணைப் போட்டால் அழியும். ஒன்று முதல் ஐம்பது வரை என்று போட்டால் ஐம்பதும் ஒரே வரியில் போகும்.

இதையெல்லாம் ஒரு தாளில் எழுதிக் கொடுத்தாள். பட்டியலுக்கு 'ஹெச்', அழிக்க 'டி', வேலை முடிந்து வெளியே வர 'கியூ'. அடியில் ஒரு குறிப்பு: "எல்லாத்துக்கும் நம்பர் இருக்கு. உனக்குன்னே செஞ்ச மாதிரி. மத்த எழுத்தெல்லாம் உனக்குத் தேவைப்படாது." தாளை நாட்குறிப்பின் உள்ளட்டையில் ஒட்டிவைத்தேன்.

உண்மையில் எனக்கு அது மிகவும் பிடித்துப்போனது. எண்ணோடு வரும் எதையும் நான் நம்புவேன்.

போன ஆடியில் ஒரு வெள்ளிக்கிழமை அக்காவிடமிருந்து போனுக்குக் குறுஞ்செய்தி வந்தது: "நான் போட்ட லெட்டரை உன் பெட்டி திருப்பி அனுப்பிடுச்சு. இடமில்லையாம். காலி பண்ணு. என்னுதை மட்டும் விட்டுடு."

இடத்தை அடைத்திருந்தவை அலுவலகச் சுற்றறிக்கைகள். எங்களுக்குத் தனியாக அலுவலக முகவரி கொடுப்பதற்கு முன் எல்லாம் என் சொந்த முகவரிக்கே வந்துகொண்டிருந்தன, வரைபடங்கள் இணைப்பாக. தாளில் எடுத்துக் கோப்பில் சேர்த்தாகிவிட்டது. இனி பெட்டியில் இருக்க வேண்டிய அவசியமில்லை.

சனிக்கிழமை காலை உட்கார்ந்தேன். மொத்தம் ஆயிரத்து முந்நூற்றுப் பன்னிரண்டு. அழிப்பதற்கு முன் முழுப் பட்டியலையும் பார்த்து, ஒரு நோட்டில் பென்சிலால் திட்டம் எழுதினேன். ஒன்று முதல் நானூறு வரை எல்லாம் சுற்றறிக்கை. அதைச் சனிக்கிழமை முடித்துவிடலாம். நானூற்று ஒன்று முதல் எண்ணூற்று எழுபது வரை சுற்றறிக்கைகளுக்கு நடுவே அக்காவின் கடிதங்கள் கலந்திருந்தன. அங்கே அவளுடைய எண்களை மட்டும் தாண்டித் தாண்டி, சின்னச் சின்னக் கூறாகப் பிரித்து எழுதிவைத்தேன். அது ஞாயிற்றுக்கிழமை வேலை. எண்ணூற்று எழுபதுக்கு மேல் ஏறக்குறைய எல்லாமே அவளுடையது. அந்தப் பக்கம் போகவே கூடாது என்று நோட்டில் சிவப்பு மசியால் ஒரு கோடும் போட்டேன். பிறகு முதல் நானூறை அழித்தேன். 'கியூ' அடித்து வெளியே வந்தேன். நாட்குறிப்பில் "நானூறு, முடிந்தது" என்று எழுதினேன்.

ஞாயிறு காலை பத்தே கால் மணி. நோட்டைப் பக்கத்தில் விரித்து வைத்து, எழுதியிருந்தபடியே ஒவ்வொரு வரியாக அடித்தேன். நானூற்று ஒன்று முதல் நானூற்று முப்பத்தாறு. நானூற்று முப்பத்தெட்டு முதல் நானூற்று ஐம்பத்தொன்பது. ஒரு வரி அடித்ததும் நோட்டில் ஒரு டிக். எண்ணூற்று எழுபது வரை போனேன். ஒரு இடத்திலும் தடங்கலில்லை.

பிறகு, அக்காவின் கடிதங்கள் பத்திரமாக இருக்கின்றனவா என்று ஒருமுறை பார்த்துக்கொள்வோமே என்று பட்டியலைக் கேட்டேன். முதல் திரையில் சுற்றறிக்கை. இரண்டாவது திரையிலும் சுற்றறிக்கை. அழிந்திருக்க வேண்டியதெல்லாம் குளித்துவிட்டு வந்ததுபோல நின்றுகொண்டிருந்தது. கீழே போகப் போக எண்கள் விட்டுப்போயிருந்தன. அக்காவின் பெயர் ஒரு இடத்தில் ஒரு வரி, இன்னொரு இடத்தில் ஒரு வரி. கடைசியில் நாற்பது சொச்சம். நடுவே இருந்த நானூற்றுச் சொச்சம் அஞ்சல்களைக் காணோம்.

என்ன செய்துவிட்டேன் என்பது புரியக் கொஞ்ச நேரம் ஆயிற்று. எங்கள் தொழிலில் ஒரு புலத்துக்கு எண் கொடுத்துவிட்டால் அது அந்த நிலத்தின் எண். நூற்று நாற்பத்தேழை இரண்டாகப் பிரித்தால் நூற்று நாற்பத்தேழின் கீழ் ஒன்று, இரண்டு என்று ஆகும். நூற்று நாற்பத்தெட்டாம் எண் நகராது. இடையில் ஒரு புலமே ஆற்றோடு போனாலும் மற்றவை நகராது. ஆனால் இந்தப் பெட்டியில் அப்படியில்லை. சனிக்கிழமை நானூறை எடுத்துவிட்டு நான் வெளியே வந்ததும், மிச்சமிருந்தவை வரிசையில் முன்னால் நகர்ந்து உட்கார்ந்துவிட்டன. நேற்றைய எண்ணூற்று ஒன்று இன்றைக்கு நானூற்று ஒன்று. சுற்றறிக்கைக்கு என்று எழுதிய எண்களில் இன்று அக்கா இருந்தாள். வேறு யாராவது திரையைப் பார்த்துப் பார்த்து அழித்திருப்பார்கள், தப்பியிருப்பார்கள். நான் திரையைப் பார்க்கவில்லை. நோட்டைத்தான் பார்த்தேன்.

என் மனைவி காய் நறுக்கிக்கொண்டே எட்டிப் பார்த்தாள். "என்னங்க, முகம் ஏன் இப்படிப் போச்சு?"

சொன்னேன்.

"கல்லு நடறதுக்கு முன்னாடி ரெண்டு தடவை அளப்பீங்களே, இதுல ஒரு தடவை பாக்கக் கூடாதா?" என்றாள். பிறகு கத்தியைக் கீழே வைத்துவிட்டாள். "அண்ணியோடது எல்லாமா?"

"கொஞ்சம் இருக்கு."

"எதையும் தொடாதீங்க. அண்ணிகிட்டயே கேளுங்க."

அதுதான் கஷ்டம். அக்காவின் பேச்சை அழித்துவிட்டு, அதை எப்படித் திரும்ப எடுப்பது என்று அக்காவிடமே கேட்பது. ஆனால் கேட்பதற்கு வேறு ஆளும் இல்லை. திரையில் ஒரு கேள்விக்குறி மட்டும் அடுத்த உத்தரவுக்காகக் காத்துக்கொண்டிருந்தது. எனக்குத் தெரிந்த ஒரே வெளியேறும் வழி 'கியூ'. அதை அடிக்கக் கை போய்ப் போய் வந்தது.

போனில் அவளோடு பேச எங்களுக்கு ஒரு முறை உண்டு. நான் கேள்வியாகக் கேட்பேன். ஒரு தட்டு என்றால் ஆமாம். இரண்டு தட்டு என்றால் இல்லை. விடாமல் தட்டினால் திட்டுகிறாள் அல்லது சிரிக்கிறாள், இடத்தைப் பார்த்துப் புரிந்துகொள்ள வேண்டும்.

அத்தான்தான் எடுத்தார். அவர்கள் இருப்பது முத்துப்பேட்டைப் பக்கம், ஆற்றுத் தண்ணீர் கடைசியாக வந்து சேரும் கடைமடை. "மாப்ள, ஞாயித்துக்கெழம கரெக்டா நண்டு கழுவுற நேரத்துல கூப்புடுறீங்களே, வாசனை தஞ்சாவூர் வரைக்கும் வந்துடுச்சா?"

"அத்தான், அக்காகிட்ட அவசரமா ஒண்ணு கேக்கணும்."

"அவ கையெல்லாம் நண்டு. இருங்க, நான் காதுல புடிக்கிறேன். டைப்பெல்லாம் அடிக்க முடியாது, சொல்லிட்டேன்."

போனில் பாத்திரச் சத்தம். பிறகு ஒரு தட்டு, கரண்டியால் மூடியில். கேட்கிறேன், சொல்லு என்று அர்த்தம்.

"அக்கா, ஒரு சந்தேகம். பேச்சுக்குத்தான் கேக்கறேன். அந்தக் கறுப்புத் திரையில தப்பான நம்பரைப் போட்டு அழிச்சிட்டா..."

முடிப்பதற்குள் மூடியில் மழை பெய்ததுபோல் தட்டு. அத்தான் குறுக்கே வந்தார். "என்ன மாப்ள சொன்னீங்க? கரண்டிய வளைச்சுடுவா போலருக்கு."

"என்னுதையான்னு கேக்கறாளா?"

"வாய அசைக்கிறா. எனக்கு ஒண்ணும் வெளங்கல. எக்குன்னோ எஸ்ஸுன்னோ என்னமோ. இந்த கம்ப்யூட்டர் பாஷைக்கெல்லாம் நான் ஆளில்ல. நீங்க ஆமாவா இல்லையான்னு கேளுங்க."

மனைவி பக்கத்தில் வந்து நின்றாள். நான் நோட்டில் ஒரு புதுப் பக்கத்தைத் திருப்பி, கேட்க வேண்டியதை எழுதிக்கொண்டேன். எழுதினால்தான் எனக்குக் கேள்வி வரும்.

"நான் இன்னும் வெளிய வரலை. அழிச்சது மட்டும்தான். திரும்பக் கிடைக்குமா?"

ஒரு தட்டு. தெளிவாக, நிதானமாக.

மனைவி என் தோளைப் பிடித்துக்கொண்டாள்.

"கியூ அடிக்கவா?"

இரண்டு தட்டு. மறுபடி இரண்டு. மறுபடி இரண்டு.

"சரி, சரி. அடிக்கலை. வேற எழுத்தா?"

ஒரு தட்டு.

"உன் தாள்ல இருக்கா?"

இரண்டு தட்டு. அதற்குப் பின் சின்னதாக ஒரு இழுப்பு, கரண்டியை மூடியின் விளிம்பில் தேய்த்ததுபோல. எழுதாமல் விட்டது தன் தப்பு என்கிறாள் என்று எடுத்துக்கொண்டேன்.

"நடுவுல கரண்ட் போச்சுன்னா? இதுல பேட்டரி நிக்காது."

விடாத தட்டு. இந்தமுறை அது சிரிப்பு. போனால் போகட்டும், ஒன்றும் ஆகாது என்று பிறகு விளக்கி எழுதினாள். கரண்ட் போயிருந்தாலே எல்லாம் பிழைத்திருக்குமாம்.

"ஏ, பி, சின்னு வரிசையாச் சொல்றேன். வந்ததும் தட்டு."

"மாப்ள, நண்டு ஆறிடும்," என்றார் அத்தான்.

"அத்தான் எக்குன்னு சொன்னாரே. எக்ஸா?"

ஒரே ஒரு தட்டு. மூடி அதிர்ந்து அடங்குவது வரை கேட்டது.

'எக்ஸ்' அடித்தேன். நிரல் ஒன்றும் சொல்லாமல் மூடிக்கொண்டது. மறுபடி திறந்தேன். தொள்ளாயிரத்துப் பன்னிரண்டு. ஒன்றும் குறையவில்லை. கீழே இறங்கிப் பார்த்தேன். அக்கா, அக்கா, அக்கா என்று திரை நிறைய அவள் பெயர்.

போனை மனைவியிடம் நீட்டினேன். அவள்தான் வாங்கிச் சொன்னாள். "அண்ணி, எல்லாம் இருக்கு. இவரு அழுவுறாரு."

விடாத தட்டு.

வயலில் நாங்கள் முதலில் சுண்ணாம்புக் கோடுதான் போடுவோம். இரண்டு பக்கத்துக்காரர்களும் பார்த்துச் சரி என்ற பிறகுதான் கல். அக்கா அன்று மாலை எழுதிய விளக்கத்தைப் படித்தபோது அந்த நிரலும் அப்படித்தான் என்று தெரிந்தது. 'டி' என்பது சுண்ணாம்பு. 'கியூ' அடித்தால்தான் கல். அதுவரை மனசு மாறலாம். 'எக்ஸ்' அடித்தால் கோட்டைக் கலைத்துவிட்டுப் போய்விடும். இதை எழுதிய யாரோ ஒருவர், எங்கேயோ, என்னைப் போன்ற ஒருவன் இருப்பான் என்று யோசித்திருக்கிறார். அவருக்கு நான் எப்படி நன்றி சொல்வது என்று தெரியவில்லை. அன்றைய நாட்குறிப்பில் ஒரு வரி எழுதினேன், அவ்வளவுதான்.

மதியமே சுற்றறிக்கைகளைப் புது எண் பார்த்து, ஒவ்வொரு திரையையும் இரண்டு முறை படித்து அழித்தேன். பெட்டியில் அக்காவின் கடிதங்கள் மட்டும் மிஞ்சின. நானூற்றுத் தொண்ணூற்று மூன்று. மாலையில், திரும்பிப் போயிருந்த கடிதம் மறுபடி வந்து சேர்ந்தது. நான் போன வாரம் அனுப்பிய பதில் இரண்டே வரி என்று அதில் அரைப் பக்கம் திட்டு. அதன் பின்னாலேயே இன்னொன்று.

"அப்புறம், நீ எல்லாத்தையும் வச்சிருக்கேன்னு இன்னைக்குத்தான் தெரியும். பழசையெல்லாம் அப்பப்ப அழிச்சிட்டு, கடைசி நாலஞ்சைத்தான் வச்சிருப்பேன்னு நெனச்சேன். சந்தோஷமா இருக்கு. ஆனா ஒண்ணு. ஆஸ்பத்திரியிலேர்ந்து எழுதினது இருக்குல்ல, முதல் இருபத்தாறு. எண்ணிப் பாத்துக்கோ, எனக்கு நெனவு இருக்கு. அதை அழிச்சிடு. அதை எழுதினவ இப்ப இல்லை. அவ பேசினதுக்கெல்லாம் நான் பொறுப்பு எடுத்துக்க முடியாது. நம்பரைப் பாத்து அழி. வச்சிடவா?"

எண்ணிப் பார்த்தேன். இருபத்தாறுதான்.

அவற்றில் என்ன இருந்தது என்று இங்கே எழுதமாட்டேன். அழித்ததை வேறிடத்தில் எழுதிவைத்தால் அது அழித்ததாகாது. அந்த நாட்களில் அவள் யாரையும் விட்டுவைக்கவில்லை, தன்னையும் சேர்த்து என்பது போதும்.

ஒரு வாரம் அதைச் செய்யாமல் வைத்திருந்தேன். பதிவேட்டிலிருந்து ஒரு தாளைக் கிழித்தவன் இல்லை நான். தவறான பதிவைக்கூடச் சிவப்பு மசியால் கோடிட்டு, பக்கத்தில் சரியானதை எழுதி, கையெழுத்துப் போடுவதுதான் எங்களுக்குச் சொல்லிக்கொடுத்த வழி. புதன்கிழமை ஒரு நோட்டை எடுத்து, முதல் கடிதத்தைப் பிரதி எடுக்க உட்கார்ந்ததையும் ஒப்புக்கொள்கிறேன். முதல் வரியை எழுதிவிட்டு அந்தத் தாளைக் கிழித்துப் போட்டேன். அவள் பேசியது அவளுடையது. வைத்திருக்கச் சொல்லி என்னிடம் யாரும் கொடுக்கவில்லை, கேட்டுக்கொண்டிருந்தேன் என்பது மட்டும்தான் எனக்கிருந்த உரிமை.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை காலை போன் செய்தேன். அத்தான் வயலுக்குப் போயிருந்தார், நடவு. அக்காவே எடுத்தாள். இந்த முறை தட்டுவது கரண்டியால் இல்லை, விரல் மோதிரத்தால்.

"ஒண்ணுலேர்ந்து இருபத்தாறு. திரையைப் பாத்துத்தான் சொல்றேன், நோட்டைப் பாத்து இல்லை."

விடாத தட்டு, கொஞ்ச நேரம்.

'டி' அடித்தேன். பட்டியலைக் கேட்டேன். இருபத்தேழில் தொடங்கியது.

"அழிச்சாச்சு. இன்னும் சுண்ணாம்புதான். மனசு மாறினா எக்ஸ் இருக்கு. கியூ அடிக்கவா?"

அவள் வீட்டு வாசலில் டிராக்டர் ஒன்று போகும் சத்தம் கேட்டது. அது தள்ளிப் போய் அடங்கும் வரை அவள் தட்டவில்லை. பிறகு ஒரு தட்டு.

'கியூ' அடித்தேன். அவள் மூச்சுக் காற்று, அறுவை சிகிச்சையில் கழுத்தில் போட்ட துளை வழியாகப் போய்வரும் மெல்லிய சத்தம் போனில் கேட்டுக்கொண்டிருந்தது. முன்பெல்லாம் அந்தச் சத்தம் கேட்டால் எனக்குச் சங்கடமாக இருக்கும். அன்று அதைக் கேட்டுக்கொண்டே இன்னும் கொஞ்சம் உட்கார்ந்திருக்கலாம் என்றிருந்தது.

"வச்சிடவா?" என்று நான்தான் கேட்டேன். ஒரு தட்டு.

பிறகு பெட்டியைத் திறந்து பார்த்தேன். எல்லாம் முன்னால் நகர்ந்து உட்கார்ந்திருந்தன. என்னை அவ்வளவு பாடுபடுத்திய அதே நகர்தல். இருபத்தேழாக இருந்தது இப்போது ஒன்றாம் எண். ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்குப் போன மறுநாள் எழுதியது. எண்ணை அடித்து விரித்தேன்.

"அப்புறம், இன்னைக்கு நானே ரசம் வச்சேன். உங்க அத்தான் ஒரு வாய் குடிச்சிட்டு, உப்பு இல்லையேன்னார். திட்டறதுக்கு வாயைத் திறந்தேன், காத்துதான் வந்தது. கையில கரண்டி இருந்தது. தட்டுல ஓங்கி ஒண்ணு போட்டேன். மனுஷன் நடுங்கிட்டார். அப்புறம் உப்பு சரியா இருக்கான்னு நான் கேக்கற மாதிரிப் பாத்தேன், இருக்கு இருக்குன்னார். இது போதும்டா எனக்கு, இதை வச்சே ஓட்டிடுவேன். வச்சிடவா?"